அன்எம்ப்ளாய்மென்ட் பணத்தைத் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தால்

முதலில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நேரம் இருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வேலையின்மை உதவித்தொகை வாங்கியவருக்கு, "உங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்" என்று மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிடாதீர்கள். அதற்காகக் கடிதத்தைத் தூக்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு சும்மாவும் இருந்துவிடாதீர்கள். அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். ஒன்று அப்பீல், அதாவது "நீங்கள் எடுத்த முடிவே தப்பு" என்று சொல்வது. இன்னொன்று வேவர், தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள்: "கணக்கு சரியாகவே இருக்கட்டும், ஆனால் இதில் என் தப்பு எதுவும் இல்லை, இதை என்னிடமிருந்து வசூலிப்பது நியாயம் இல்லை" என்பது. பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் வேறு வேறு படிவம், வேறு வேறு கெடு. நம் ஆட்கள் பலருக்கு முதலாவது தெரியும், இரண்டாவது இருப்பதே தெரியாது. எனக்கு இரண்டுமே தேவைப்பட்டது.

நான் விழாக்களுக்குப் போட்டோவும் வீடியோவும் எடுப்பவன். அரங்கேற்றம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம் என்று தமிழ், தெலுங்குக் குடும்பங்களை நம்பி ஓடும் தொழில். 2020 மார்ச்சில் எல்லாம் ஒரே வாரத்தில் ரத்தானது. அந்தக் கோடையில் நடக்க வேண்டிய அரங்கேற்றங்களுக்கு வாங்கியிருந்த அட்வான்ஸை ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தேன். சொந்தத் தொழில் செய்பவனுக்கு அதுவரை அன்எம்ப்ளாய்மென்ட் கிடையாது. கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்களுக்குத்தான் அந்தத் திட்டம். 2020 மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டம்தான் முதல்முறையாக எங்களைப் போன்றவர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள், வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள் எல்லோருக்கும் பி.யு.ஏ. என்ற பெருந்தொற்றுக் கால உதவியைக் கொண்டு வந்தது. வாராவாரம் ஒரு தொகை, அதற்கு மேல் மத்திய அரசு 2020 ஜூலை கடைசி வரை 600 டாலர், பிறகு அந்த டிசம்பர் கடைசியிலிருந்து 2021 செப்டம்பர் முதல் வாரம் வரை 300 டாலர். அந்தப் பணம் இல்லையென்றால் நாங்கள் வாடகை கொடுத்திருக்க முடியாது. அதை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

திட்டமெல்லாம் முடிந்து, தொழில் மெல்ல எழ ஆரம்பித்த பிறகு இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம், நான் சொந்தத் தொழில் செய்ததற்கான ஆதாரத்தைக் கொடுக்கவில்லை, அதனால் 2020 டிசம்பர் 27-க்குப் பிறகு வாங்கிய எல்லா வாரப் பணமும் தகுதியில்லாமல் வாங்கியது என்றது. இரண்டாவது, என் வாரத் தொகையைக் கணக்கிட்டதே தப்பு, ஆரம்பத்திலிருந்தே கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம் என்றது. இரண்டும் சேர்ந்து இருபதாயிரம் டாலருக்கு மேல். என் மனைவி பள்ளியில் பகுதிநேர வேலை பார்க்கிறாள், கடிதத்தைப் படித்துவிட்டு, "வேனை வித்துடலாமா?" என்றுதான் கேட்டாள். கேமராவும் லைட்டும் ஏற்றிக்கொண்டு போகிற வேன் அது. அதை விற்றால் தொழில் போச்சு.

கடிதத்தை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி சண்டை இங்கேதான் முடிகிறது. முதலில் தேடவேண்டியது மோசடி என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்பது. மோசடி என்று எழுதியிருந்தால் கதை வேறு. கேட்கும் தொகைக்கு மேல் குறைந்தது 15 சதவீதம் அபராதம் சேரும், அடுத்த முறை வேலை போனால் உதவித்தொகை நிறுத்தப்படலாம், தள்ளுபடி கேட்கவே முடியாது. அதனால் பணம் சின்னதாக இருந்தாலும் அந்த முத்திரையை எதிர்த்து அப்பீல் செய்தே ஆகவேண்டும். அந்த வார்த்தை இல்லையென்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டாவது, எந்தெந்த வாரங்கள், ஒவ்வொரு வாரத்துக்கும் எவ்வளவு, என்ன காரணம். காரணம் ஒரே வரியில் சட்டப்பிரிவு எண்ணோடு இருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் புரியாது. போன் செய்தோ ஆன்லைனில் எழுதியோ "என் ஃபைல் முழுவதையும் அனுப்புங்கள்" என்று கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. மூன்றாவது, கடிதத்தின் மேல் உள்ள தேதி. அப்பீல் கெடு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும், உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து இல்லை. டெக்சாஸில் 14 நாள், பென்சில்வேனியாவில் 21, கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 30 என்று மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கவரைத் தூக்கி எறியாதீர்கள். கடிதத்தில் ஒரு தேதி போட்டு அதற்குப் பல நாள் கழித்துத் தபாலில் சேர்த்திருந்தால், கவர் மேல் இருக்கும் முத்திரைதான் உங்கள் சாட்சி.

கெடு தாண்டிவிட்டதா? பரவாயில்லை, இருந்தும் அனுப்புங்கள். வீடு மாறியிருந்தோம், ஆஸ்பத்திரியில் இருந்தோம், கடிதமே வரவில்லை, எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது என்று எது உண்மையோ அதை எழுதி, தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தது என்று கேட்கலாம். ஏற்றுக்கொள்ளும் மாநிலங்கள் நிறைய.

இன்னொன்று, கையில் வந்த பணத்தை விடக் கூடுதலாகத்தான் திருப்பிக் கேட்பார்கள். மத்திய வருமானவரிக்கு 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் உங்களுக்கு வந்தது 90 டாலர், கேட்பது 100. பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கணக்கு உதைக்கிறதே என்று குழம்பினால் இதுதான் காரணம்.

சரி, என் அப்பீல். ஆதாரம் கொடுக்கவில்லை என்ற முதல் கடிதம் முழுக்கத் தப்பு. 2020 டிசம்பர் கடைசியில் வந்த சட்டத்தின்படி, ஏற்கெனவே பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தொழில் செய்ததற்கான ஆதாரத்தை 90 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. நான் கொடுத்திருந்தேன். தொழில் பதிவுச் சான்றிதழ், 2019 வரிக் கணக்கு, இரண்டு அரங்கேற்றங்களுக்கான ஒப்பந்தம், எல்லாம் ஆன்லைனில் ஏற்றியிருந்தேன். ஏற்றி முடித்ததும் திரையில் ஓர் உறுதி எண் வந்தது, அதை மனைவி போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அந்த ஒரு படம்தான் இந்தக் கதையில் பெரிய வேலை செய்தது. அதனால் சொல்கிறேன்: எந்த அரசு இணையதளத்திலும் எதை ஏற்றினாலும், தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுங்கள். உதவித்தொகைக்காக வாராவாரம் பதில் சொல்லும் கேள்விகளையும், நீங்கள் கொடுத்த பதில்களையும்கூட. திட்டம் முடிந்ததும் பழைய வாரங்களின் பதில்கள் உங்கள் கணக்கில் தெரியாமல் போகலாம்.

விசாரணை போனில்தான். நிர்வாக நீதிபதி ஒருவர் லைனில் வருவார், உண்மை சொல்வதாக உறுதிமொழி வாங்குவார், எல்லாம் பதிவாகும். கோர்ட், கூண்டு என்று கற்பனை செய்துகொண்டு எனக்கு முதல்நாள் இரவு தூக்கமே இல்லை. உண்மையில் ஒரு பொறுமையான உரையாடல் அது. அலுவலகத்தின் தரப்பிலிருந்து யாரும் லைனில் வரவில்லை, அப்படி நடப்பது சகஜம் என்று அப்புறம் தெரிந்தது. அதற்காக நாமே ஜெயித்த மாதிரி ஆகாது, நீதிபதிக்கு முன்னால் அவர்களுடைய ஃபைல் இருக்கும். காகிதங்களை முன்கூட்டியே, விசாரணை அறிவிப்பில் சொன்ன நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும், விசாரணை அன்று "என்னிடம் இருக்கிறது" என்றால் போதாது. நான் ஒவ்வொரு தாளுக்கும் மேல் மூலையில் எண் போட்டு அனுப்பினேன். "பக்கம் 7-ஐப் பாருங்கள், அதில் தேதி இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், தேதி சொல்லி, தாளைக் காட்டி. எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்பதை அங்கே அதிகம் பேசவேண்டாம், கஷ்டம் பேசுகிற இடம் தள்ளுபடி விண்ணப்பம்.

முதல் கடிதம் ரத்தானது. தகுதி இருந்தது என்று தீர்ப்பு வந்ததும், அந்த வாரங்களோடு ஒட்டிக்கொண்டு வந்த 300 டாலர்களும் கழன்றுகொண்டன. இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கூடுதல் 600, 300 எல்லாம் அடிப்படைத் தொகையோடு கட்டிப்போட்டவை. ஒரு வாரத்துக்கு நீங்கள் தகுதியே இல்லை என்றால் அதுவும் சேர்ந்து திரும்பப் போகும். வாரத் தொகை குறைய வேண்டும் என்று மட்டும் முடிவானால், குறைந்த தொகையாக இருந்தாலும் தகுதி தகுதிதான், 600-ம் 300-ம் உங்களுடையவையே. அதனால் "தகுதி இல்லை" என்பதை "தொகை குறைவு" என்று மாற்ற முடிந்தாலே பாக்கியில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

மிச்சம் இருந்தது இரண்டாவது கடிதம், கணக்கு. அதில் அவர்கள் சொன்னது சரிதான். பி.யு.ஏ. வாரத் தொகையை நிகர வருமானத்தை வைத்துக் கணக்கிட வேண்டும், செலவெல்லாம் போக மிஞ்சியதை. வரிப் படிவத்தில் ஷெட்யூல் சி என்று ஒரு தாள் உண்டு, தொழில் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் முதல் வரி மொத்த வரவு, 31-ஆம் வரி நிகர லாபம். என் தொழிலில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டாவது கேமராமேனுக்குக் கூலி, ஆல்பம் அச்சடிக்க, லென்ஸ் வாடகை, வேனுக்குப் பெட்ரோல் எல்லாம் போய்த்தான் கைக்கு வரும். 2020-இல் விண்ணப்பித்தபோது இணையதளம் கேட்டது "2019-இல் உங்கள் மொத்த வருமானம்" என்று. கேட்டதைக் கொடுத்தேன், வரிக் கணக்கு முழுவதையும் சேர்த்தே கொடுத்தேன், 31-ஆம் வரி அவர்கள் கண்முன்னால் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது முதல் வரியை.

இந்த மாதிரி நாடு முழுக்க நடந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய தொழிலாளர் துறை மாநிலங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. குறிப்பிட்ட சில சூழ்நிலைகளில் ஒவ்வொருவராக மனுப் போட வேண்டியதில்லை, மாநிலமே மொத்தமாகத் தள்ளுபடி செய்யலாம் என்றது. அந்தப் பட்டியலில் ஒன்று: ஆதாரம் கேட்டபடி கொடுத்திருக்கிறார், ஆனால் மாநிலத்தின் அறிவுறுத்தல் போதாமலோ, நிகர வருமானத்துக்குப் பதில் மொத்த வருமானத்தை எடுத்துக் கணக்கிட்டதாலோ வாரத் தொகை கூடிவிட்டது. அதைப் படித்தபோது என் கதையை யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. "செய்யலாம்" என்று சொன்னதே தவிர செய்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை, சில மாநிலங்கள் செய்தன, சில செய்யவில்லை. எங்கள் மாநிலத்தில் தானாக நடக்கும் என்று காத்திருக்காமல் தனி மனுப் போட்டேன், அந்தப் பத்தியை மேற்கோள் காட்டியே.

தள்ளுபடிக்கு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பு யாருடையது? திருப்பிக் கேட்பது நியாயமா?

முதல் கேள்விக்கு அலுவலகம் பார்ப்பது, நீங்கள் தெரிந்தே பொய் சொன்னீர்களா, சொல்ல வேண்டியதை மறைத்தீர்களா, இந்தப் பணம் நமக்குச் சேராது என்று தெரிந்தும் வாங்கினீர்களா என்று. இல்லை என்பதை வார்த்தையாகச் சொல்வதோடு நிற்காமல் தாளாகக் காட்ட வேண்டும். நான் விண்ணப்பக் கேள்வியின் படம், என் பதில், நான் ஏற்றிய வரிக் கணக்கு, அவர்கள் எனக்கு அனுப்பிய தொகை நிர்ணயக் கடிதம் என்று நான்கையும் வரிசையாக வைத்தேன். படிக்கிறவர் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ள வேண்டும், அவர் மேசையில் நம்முடையது போல நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு மூன்று வழிகள் உண்டு. கட்டினால் சாப்பாடு, வாடகை, மருந்துக்கே இடிக்கும் என்பது ஒன்று. அந்தப் பணத்தை நம்பி நான் வேறொன்றை விட்டுக்கொடுத்தேன், அல்லது ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்பது இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் இந்த நிலைமையில் இவரிடம் கேட்பது அநியாயம் என்பது மூன்றாவது. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள். இரண்டாவதும் பலமானது. அந்த வாரத் தொகை இவ்வளவு என்று அரசே எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் நாங்கள் சின்ன வீட்டுக்கு மாறாமல் வாடகை ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்தோம், கடிதத்தின் தேதியையும் ஒப்பந்தத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாவதுக்கு மாத வரவு செலவுப் படிவம் ஒன்று இருக்கும். அதை ரவுண்டாக 500, 1000 என்று நிரப்பாதீர்கள். கரண்ட் பில், கார் இன்சூரன்ஸ், பையனின் பல் வைத்தியம், ஊரில் அம்மாவின் மருந்துக்கு அனுப்பும் பணம் என்று ஒவ்வொன்றுக்கும் பில்லையோ ஸ்டேட்மென்ட்டையோ இணைத்தேன். அம்மாவுக்கு அனுப்புவதை எழுதலாமா என்று மனைவி தயங்கினாள். எழுதுங்கள், அது உண்மையான செலவு, ஆதாரமும் இருக்கிறது.

தள்ளுபடி கிடைத்தது, மிச்சம் முழுவதற்கும். இடையில் எங்கள் மாநில வரி ரீஃபண்டை அந்தப் பாக்கிக்கு என்று பிடித்து வைத்திருந்தார்கள், அதுவும் பிறகு திரும்பி வந்தது, தானாக வரவில்லை, எழுதிக் கேட்ட பிறகு.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், ஹோட்டலில் விருந்துக்கூடத்தில் வேலை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ கூப்பிடுவார்கள், மிச்ச நாளுக்குப் பகுதி உதவித்தொகை. வாராவாரம் சம்பாதித்ததைப் பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னார். வேலை செய்த வாரத்துக்கான பணத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி, ஆனால் முதலாளி கொடுத்த கணக்கு, சம்பளம் கைக்கு வந்த வாரத்தை வைத்து இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, வருமானத்தை மறைத்தார் என்று கடிதம் அனுப்பிவிட்டது. அக்கா என்னிடம் வந்தபோது காசோலையே எழுதி வைத்திருந்தார்.

"தம்பி, கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பம். நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு ஏதும் பிரச்சினை வந்தா?"

இந்தப் பயம்தான் நம்மவர்களை எதிர்த்துக் கேட்காமல் கட்ட வைக்கிறது. வேலையின்மை உதவி, சம்பளத்தின் பேரில் முதலாளி கட்டிய வரியிலிருந்து வரும் காப்பீடு. கிரீன் கார்டுக்கு அரசாங்கத்துக்குச் சுமையாகிறாரா என்று பார்க்கும்போது இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் மறைத்தார் என்ற பதிவு அப்படியே நிற்பது குடியுரிமை விண்ணப்பத்தின்போது கேள்வியாக வரலாம். ஆகவே பயமே அப்பீல் செய்வதற்குத்தான் காரணமாக இருக்க வேண்டும், பேசாமல் கட்டுவதற்கு இல்லை. மோசடி முத்திரை விழுந்திருந்தால் குடியேற்ற வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அக்காவிடம் இருந்த சம்பளச் சீட்டுகளை ஒரு மேசை முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றிலும் வேலை செய்த வாரத்தின் முதல் நாளையும் கடைசி நாளையும் பென்சிலால் வட்டமிட்டு, அவர் சொன்ன பதிலோடு சேர்த்து அட்டவணையாக எழுதினோம். விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டார், கொடுத்தார்கள், காசு எதுவும் இல்லை. பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். மறைத்தார் என்ற பதிவு போனது. இரண்டு மூன்று வாரங்களில் கணக்கு உண்மையிலேயே கொஞ்சம் இடித்தது, அதற்குத் தள்ளுபடி கேட்டதில் மறுத்துவிட்டார்கள், வீட்டில் மகனின் சம்பளமும் வருகிறது என்று. அந்தத் தொகையை மாதத் தவணையாகக் கட்டி முடித்தார். தவணை கேட்டால் பொதுவாகக் கொடுப்பார்கள், முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு மிச்சிகன் கதையைச் சொல்வேன். 2013-இலிருந்து 2015 வரை அங்கே மைடாஸ் என்ற கணினி முறை, மனிதர் யாரும் பார்க்காமலேயே ஆட்களை மோசடிக்காரர்கள் என்று முடிவு கட்டியது. பிறகு மாநிலமே 22,000-க்கு மேற்பட்ட அந்த முடிவுகளை எடுத்துப் பார்த்தபோது 93 சதவீதம் தப்பு. அதற்குள் ஜனங்களின் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள், வரி ரீஃபண்டை எடுத்திருந்தார்கள், பலர் திவால் மனுப் போடும் நிலைக்குப் போயிருந்தார்கள். வழக்கு பல வருஷம் இழுத்து, 2022-இல்தான் 2 கோடி டாலருக்குச் சமரசம் என்று அறிவித்தார்கள். இது எனக்கு இன்றும் கோபம் வரவைக்கிற விஷயம். கடிதத்தைப் பார்த்துப் பயந்து பேசாமல் கட்டியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பீல் நடக்கும்போதும் வேலை இல்லையென்றால் வாராவாரம் பதிவு செய்வதை நிறுத்தாதீர்கள், ஜெயித்தாலும் பதிவு செய்யாத வாரத்துக்குப் பணம் வராது. பெருந்தொற்றுக்கால மத்திய உதவிக்குத் தள்ளுபடி வந்தது என்பதால் சாதாரண மாநில உதவிக்கும் வரும் என்று எண்ண வேண்டாம், டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் சாதாரண உதவிக்குத் தள்ளுபடியே கிடையாது, அங்கே அப்பீல்தான் எல்லாம். மத்திய வரி ரீஃபண்டைப் பிடிப்பது மோசடிக்கும், சம்பாதித்ததைச் சொல்லாததால் வந்த பாக்கிக்கும்தான், அலுவலகத்தின் தப்பால் வந்த பாக்கிக்கு இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை, யாரோ உங்கள் பெயரில் வாங்கியிருக்கிறார்கள் என்றால் அது அடையாளத் திருட்டு, அதற்கு வேறு படிவம், போலீஸ் புகார் என்று தனி வழி. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசச் சட்ட உதவி மையங்கள் ஏறக்குறைய எல்லாப் பகுதியிலும் உண்டு. இந்த வழக்குகளை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள், விசாரணைக்குக்கூட உடன் வருவார்கள். அங்கே போக வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வக்கீல் ஒருவர்தான் எனக்குத் தள்ளுபடி என்று ஒன்று இருப்பதையே சொன்னார்.

வரி விஷயத்தையும் கவனியுங்கள். உதவித்தொகைக்கு வரி உண்டு, வருஷம் முடிந்ததும், வாங்கிய தொகையைக் காட்டும் 1099-ஜி என்ற தாள் வரும். வாங்கிய அதே வருஷத்தில் திருப்பிக் கட்டினால் அந்த வருஷ வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பின்னால் வேறு வருஷத்தில் 3,000 டாலருக்கு மேல் கட்டினால், முன்பு கட்டிய வரியைச் சரிசெய்ய வழி இருக்கிறது, வரிக்காரரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், அவராகக் கேட்கமாட்டார். 3,000-க்குக் கீழே என்றால் அந்தச் சலுகை கிடையாது. தவணையாகக் கட்டுபவர்கள் எந்த வருஷத்தில் எவ்வளவு கட்டுகிறோம் என்பதை இதை மனதில் வைத்து முடிவு செய்யலாம்.

தள்ளுபடி என்று முடிவு வந்த பிறகும் எனக்குப் பழைய பாக்கிக்கு பில் வந்தது, வசூல் பிரிவின் கம்ப்யூட்டரில் அது ஏறவில்லை. முடிவுக் கடிதத்தின் நகலோடு, கணக்கில் பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன், கொடுத்தார்கள். நீங்களும் முடிவுக் கடிதம் வந்ததோடு நிறுத்தாமல் அந்தப் பூஜ்யத்தை எழுத்தில் வாங்குங்கள். இரண்டையும் ஸ்கேன் செய்து வரிக் கணக்குகள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள், அடுத்த ரீஃபண்ட் நேரத்தில் தேவைப்படலாம்.